ஷட்டரின் உட்புறம்

2024 ஜூன் 4, கட்டுகஸ்தோட்டை

ஷட்டரின் தகடுகளைத் தனித்தனியாக அறுத்து, கராஜின் கூரைக் கம்பியிலிருந்து தொங்கவிட்டாயிற்று. விளிம்பில் செலோ வில்லை இழுத்தால் நீளமாக ஒரு முனகல். தீயில் நெளிந்த இடத்தில் மட்டும் ஒலி உடைந்து இரண்டாகிறது. இத்தனை வருடங்களாக உலோகத்தில் நான் தேடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

என் அண்ணன் நிஸாம் நானா திகன ஊரில் வைத்திருந்த துணிக்கடையின் ஷட்டர் இது. 2018இல் முஸ்லிம் கடைகளைக் கொளுத்திய கலவரத்தில் கடையோடு எரிந்தது. அவர் புதுக்கடை போட்ட பிறகும் வீட்டின் பின்னால் கிடந்தது. கேட்டபோது, "கொண்டு போ, எடத்தப் புடிச்சிட்டு ஈக்கி" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 11

ஒலிக்கலை விழா நடத்தும் பரிமளம் கொழும்பிலிருந்து வந்து தகடுகளின் ஒலியைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் கண்டியில் தொடக்க நிகழ்ச்சி, பிறகு ஜெர்மனி. முன்வரிசைகூட நிரம்பாத மண்டபங்களில் வாசித்தவளுக்கு ஜெர்மனி.

உம்மா: "தகரத்தத் தட்டவா அவ்ளோ தூரம்?"

ஜூன் 17

ஹஜ்ஜுப் பெருநாள். நானா வீட்டில் சாப்பாடு. சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

ஜூலை 2

போஸ்டர் வந்துவிட்டது. என் பெயரைவிடப் பெரிய எழுத்தில்: 'திகனவில் எரிந்த கடை பேசுகிறது'. மூன்று மொழியிலும். யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

மஸாஹிரா மதினி அழைத்தார். "நானா காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல்ல, ஹபீலா. கடைக்கு வந்த ஒருத்தர் போன்ல போஸ்டரக் காட்டிக் கேட்டீக்கார்."

ஜூலை 3

திகனவுக்குப் போனேன். நானா ஒரு சிங்கள அம்மாவுக்குத் துணி வெட்டிக் கொடுத்து, சிரித்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவேயில்லை.

"இப்பத்தான் ஆக்கள் பழைய மாதிரி வாராங்க. நானும் பழைய மாதிரிப் பேசுறேன். அதுக்கு எவ்ளோ காலம் எடுத்திச்சு, தெரியுமா ஒனக்கு? நீ ஒரு நாள் வாசிச்சிட்டுப் போயிருவாய். நான் அடுத்த நாளும் கடையத் தெறக்கணும்."



ஜூலை 5

பரிமளத்திடம் போனில் கெஞ்சினேன். ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள், கலவரத்தை எடுத்துவிடுங்கள், ஒலி மட்டும் போதும் என்று.

"அந்தக் கதை இல்லாட்டி அது வெறும் தகரம்தானே, ஹபீலா."

உம்மா சொன்னபோது சிரிப்பு வந்தது. இப்போது — அப்ப பரிமளம் அன்னைக்கு என்னத்தக் கேட்டா? கண்ண மூடிட்டு நின்னாளே, எதக் கேட்டா?

ஜூலை 6

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனியும் இல்லை.

ஜூலை 13

கண்டியில் இன்று தொடக்க நிகழ்ச்சி. நான் இல்லாமல். மழை. தகடுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

ஆகஸ்ட் 9

ஜும்ஆ தொழுகை முடிந்து நானா நேராகக் கராஜுக்கு வந்தார். தகடுகளைச் சுற்றி நடந்தார்.

"வாசி பாப்பம்."

வில்லை எடுத்தேன்.

"இழுக்க வேணாம். அடி."

ரப்பர் சுத்தியலால் தட்டினேன். "இப்பிடியில்ல" என்று தகடுகளின் பின்பக்கம் போய் நின்றார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப அடி. பலமா."

அடித்தேன்.

"இதுதான். அன்னைக்கு அவங்க வெளிய நிண்டு அடிக்கக்குள்ள நான் கடைக்கு உள்ளுக்குத்தான் ஈந்தேன்."

பள்ளிவாசலில் இருந்ததாகத்தான் இத்தனை வருடமும் எங்களிடம் சொல்லியிருந்தார். மதினியிடமும்.

"பொகை வந்த பொறகுதான் பின்னால பாஞ்சேன்."

சுத்தியல் என் கையிலேயே நின்றது. "நிப்பாட்டாத" என்றார்.

ஆகஸ்ட் 16

நானா மதினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மதினியின் கண் சிவந்திருந்தது. இரண்டு கதிரை போட்டேன். நானா உட்காரவில்லை. தகடுகளின் பின்னாலும் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

தெருவுக்குக் கேட்குமே என்று கராஜ் கதவைச் சாத்தப் போனேன்.

"தெறந்தே ஈக்கட்டும்," என்றார். "அடி."