பறிமுதல் செய்யப்பட்ட பௌர்ணமிப் பலகையும் பதில் கிடைக்காத ஐந்தாம் கேள்வியும்

அனுப்புநர்
பீ. ரூபீனா,
க/பெ முபின்,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
சுனைப்பட்டு, கிரிவலப் பாதை,
திருவண்ணாமலை.

பெறுநர்
உயர்திரு மாவட்டத் தேர்தல் அலுவலர் மற்றும் மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: சட்டமன்றத் தேர்தல் – வேட்பாளர்களின் கல்வி வாக்குறுதிகளை ஒப்பிட்டு எழுதிய கரும்பலகை பறிமுதல் – பலகையைத் திரும்ப வழங்கவும், பௌர்ணமி நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் சென்று வரும் வழியை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. பறக்கும் படை அளித்த அறிவிப்பு, நாள் 06.04.2026.
2. மனுப் பெட்டியில் நான் போட்ட மனு, நாள் 07.04.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். கிரிவலப் பாதையில் என் கணவரும் நானும் டீக்கடை நடத்துகிறோம். எங்கள் ஒரே மகள் ஆஃப்ரின், கடைக்குப் பின்னால் இருக்கும் மேற்படி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். அவள் ஆறாம் வகுப்பை எங்கே படிப்பது என்பதுதான் இந்த மனுவின் சாரம். தேர்தல் நேரத்தில் தங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது என்பதை அறிவேன். எனக்கும் இல்லை. பெட்டியில் போட்ட மனு யார் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாததால், இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2. எங்கள் பள்ளியை வேறொரு பெரிய பள்ளியோடு இணைக்கப் போவதாக மாசி மாதத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது, எந்த உத்தரவு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பள்ளி மூடப்படும் என்பது மட்டும் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது. இந்த நேரம் பார்த்து ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு வீடாக வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். ஏப்ரல் 17 மாலை ஐந்து மணிக்குள் மாற்றுச் சான்றிதழோடு வந்தால்தான் இடமாம். பள்ளியில் மொத்தம் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். அதில் முப்பத்தொரு பிள்ளைகளின் பெற்றோர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார்கள். அவர்கள் போய்விட்டால் எங்கள் பள்ளியை மூட எந்த உத்தரவும் தேவைப்படாது.

3. இதைப் பற்றிப் பேச மேலாண்மைக் குழு கூடியது. தலைமை ஆசிரியை மணிமொழி அவர்களிடம் வழி கேட்டோம். “என்ன ஒண்ணும் கேக்காதீங்கம்மா, நான் எலெக்‌ஷன் டியூட்டில இருக்கேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு வகுப்புக்கு நான்கு ஆசிரியர்கள்; அவர்களையும் தேர்தல் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டால் அவரும்தான் என்ன செய்வார். எனவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமே கேட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். ஐந்து கேள்விகள் எழுதினோம். பள்ளி இருக்குமா, இணைக்கப்படுமா? ஆங்கில வழி வருமா? காலி ஆசிரியர் இடம் எப்போது நிரம்பும்? தனியாரில் சேர்ப்பவருக்கு அரசு என்ன செய்யும்? ஐந்தாவது கேள்வியைக் கேட்டவர் தருமன். மலையடிவாரத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) விற்பவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பனார். வெளியே உள்ள பள்ளிக்குப் பிள்ளை போவதென்றால், பௌர்ணமி அன்று எப்படிப் போகும், எப்படித் திரும்பும்?

4. இந்தக் கேள்வியின் கனம் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பௌர்ணமி வந்தால் பாதையில் வண்டி வாகனம் கிடையாது. பஸ்ஸும் வேனும் புறவழிச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்கு நான்கு கிலோமீட்டர், லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் கூட்டத்துக்குள். தீபத்துக்கு விடுமுறை உண்டு. மாதப் பௌர்ணமிக்குப் பள்ளி உண்டு. இப்போது எங்கள் பிள்ளைகள் பின்சந்து வழியாகப் பாதையில் கால் வைக்காமலே பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இத்தனை வருடம் இது சிறு பிள்ளைகளைப் பெற்ற யாருக்கும் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

5. முக்கிய வேட்பாளர்கள் மூவரும் பங்குனிப் பௌர்ணமி அன்று கிரிவலம் வந்தபடியே ஓட்டுக் கேட்டார்கள். அன்று நடப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளியூர்க்காரர்கள், இந்தத் தொகுதியில் ஓட்டு இல்லாதவர்கள் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை போலும். மூவருமே எங்கள் கடையில் நின்று டீ குடித்தார்கள். நடத்தை விதியை மதித்து அவர்கள் பெயரையோ சின்னத்தையோ நான் இங்கே எழுதவில்லை. வந்த வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்றே குறிப்பிடுகிறேன்.

முதலாமவர், நான்கு சிறு பள்ளிகளை இணைத்து, ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் கொண்ட ஒரே பெரிய பள்ளி கட்டுவோம், பஸ் விடுவோம் என்றார். எந்தெந்த நான்கு என்று கேட்டதற்குப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இரண்டாமவர், பெற்றோர் விரும்பும் பள்ளியில் சேர்க்கலாம், தனியாராக இருந்தாலும் கட்டணத்தை அரசே கட்டும் என்றார். பள்ளி இடம் தர மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டோம். அதற்கு, தேர்தல் அறிக்கையில் விவரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. நான் அறிக்கையை முழுவதும் படித்தேன். இல்லை. மூன்றாமவர், ஒரு பள்ளியைக்கூட மூட விடமாட்டோம், வகுப்புக்கு ஓர் ஆசிரியர், ஆங்கில வழியும் உண்டு என்றார். எப்போது என்றதற்கு விரைவில் என்றார். விரைவில் என்ற அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப் போயிருக்கிறது.

ஐந்தாம் கேள்விக்கு முதலாமவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, “அன்னிக்கி அண்ணாமலையாரே பாத்துக்குவாரும்மா” என்றார். இரண்டாமவர், “வேன் வந்துடுங்க” என்றார். எந்த வழியாக வரும் என்று கேட்பதற்குள் டம்ளரை வைத்துவிட்டு நடந்துவிட்டார். மூன்றாமவர், பள்ளிதான் மூடப்படாதே, அப்புறம் இந்தக் கேள்வியே எழாது என்றார். ஒன்பதாம் வகுப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் வெளியேதானே போக வேண்டும் என்று நான் சொன்னதும், குறித்துக்கொள்ளச் சொல்லி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கையில் பேனா இல்லை.

6. எங்கள் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. கடையை எங்களுக்கு முன்பு நடத்தியவர் விட்டுச் சென்றது. அதன் தலைப்பில் “அண்ணாமலையார் துணை” என்று பெயின்டில் எழுதியிருக்கும். மாதாமாதம் பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை என் கணவர் அதில் சாக்பீஸால் எழுதுவார். கிரிவலம் வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்துப் போவார்கள். ஊர்க்காரர்களும் அந்தப் பலகையில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவார்கள். அதனால் மூவரும் சொன்னதை அதிலேயே கட்டம் போட்டு, சொன்னபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். பாராட்டியும் எழுதவில்லை, பழித்தும் எழுதவில்லை. ஐந்தாவது வரிசையில் முதலாமவர் கட்டத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். மற்ற இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன், வழியைச் சொல்லி முழுப் பதில் வந்ததும் எழுதலாம் என்று. மூன்று நாட்கள் பெற்றோர்கள் வந்து நின்று படித்தார்கள். தருமன் அதைப் பார்த்து, “எழுதின கட்டத்த விட, எழுதாத கட்டத்தப் பாத்தாதாங்க எனக்கு பயமா இருக்குது” என்றார்.

7. நான்காம் நாள், ஏப்ரல் 6 அன்று, பறக்கும் படையினர் ஜீப்பில் வந்தார்கள். மூன்று புகார்கள் வந்திருந்தனவாம். முதலாமவர் ஆட்கள், இது இரண்டாமவருக்கு ஆதரவான விளம்பரம் என்றும், இரண்டாமவர் ஆட்கள், இது மூன்றாமவருக்கு ஆதரவு என்றும், மூன்றாமவர் ஆட்கள், இது முதலாமவருக்கு ஆதரவு என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐயா, இந்தத் தொகுதியில் நடுநிலைக்கு இதைவிட ஜாஸ்தியாக யார் சான்று வாங்கியிருக்கிறார்கள்?

பலகையைக் கழற்றும்போது படை அதிகாரி, தேர்தல் விளம்பரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லி, “அச்சடிச்சவர் பேரு எங்கம்மா? எத்தனை காப்பி?” என்று கேட்டார். சாக்பீஸ் சார், ஒரே காப்பி, மழை பெய்தால் அதுவும் போய்விடும் என்றேன். அடுத்து, தெய்வத்தின் பெயரைச் சொல்லி வாக்காளர்களைக் கவர்வதாக ஒரு குற்றச்சாட்டு. பெயர் கேட்டார், ரூபீனா என்றேன். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். “இது உங்க போர்டுதானாம்மா?” என்றார். பலகையின் தலைப்பு எங்கள் திருமணத்துக்கு முன்பே எழுதப்பட்டது. கட்டத்துக்குள் இருந்த பெயர் வேட்பாளர் வாயிலிருந்து வந்தது. அதைச் சொன்னவருக்கு அறிவிப்பு இல்லை. கேட்டு எழுதிய எனக்கு அறிவிப்பு. தெய்வத்தின் பெயர் இருக்கிறது என்று பலகைகளை எடுப்பதானால், எங்கள் பாதை முழுவதும் ஒரு மெஸ்ஸும் லாட்ஜும் பெயரோடு மிஞ்சாது.

மூன்றாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அரசுப் பணியாளரைப் போன்றவர், அரசியல் பேசக் கூடாது என்றார்கள். எனக்குச் சம்பளமில்லை, பணி ஆணையில்லை, வருகைப் பதிவேடில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது ஒன்றே என் தகுதி. பள்ளி இருக்குமா என்று ஒரு தாய் கேட்பது அரசியல் என்றால், அந்த அரசியலைச் செய்யத்தான் அரசே என்னைத் தலைவராக்கியது.

8. பலகை போனபின் நிலைமை மோசமாகிவிட்டது. மூன்று கட்சி ஆட்களும் வீடு வீடாகப் போய் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் பள்ளி மூடப்படும் என்று சொன்னவரே அடுத்த வீட்டில் மூடப்படாது என்கிறார். எழுதி வைத்திருந்தால், நேற்று இப்படிச் சொன்னீர்களே என்று கேட்க முடியும். இப்போது எதைக் காட்டிக் கேட்பது? இதற்குள் பன்னிரண்டு பேர் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டம் வரும் புதன்கிழமை, 15ஆம் தேதி நடக்கிறது. தலைவர் என்ற முறையில் அன்று நான்தான் எழுந்து பேச வேண்டும்.

9. யோசித்துப் பார்த்தால், ஐந்தாம் கேள்வியை மூன்று வேட்பாளர்களிடம் கேட்டதே எங்கள் தவறு என்று தோன்றுகிறது. யார் ஜெயித்தாலும் பௌர்ணமி அன்று பாதையில் வாகனங்களை நிறுத்தும் உத்தரவு தங்கள் அலுவலகத்திலிருந்துதான் வரும். புதிய கல்வியாண்டில் முதல் பௌர்ணமி ஜூன் 29, திங்கட்கிழமை. பள்ளி நாள். அன்று ஒரு பள்ளி வாகனமாவது உள்ளே விடப்படுமா, எந்த வழியாக, எத்தனை மணி வரை என்பதைத் தாங்கள் எழுத்தில் தெரிவித்தால், வாக்குறுதிகளை ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். விடப்படாது என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். தெரிந்த கஷ்டத்துக்கு நாங்கள் பழகிக்கொள்வோம்.

10. ஆகவே, என் மீதான அறிவிப்பை ரத்து செய்து, பலகையைப் புதன்கிழமைக்குள் திருப்பித் தரவும், மேற்கண்ட கேள்விக்குப் பதில் அளிக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைப்பு இடையூறாக இருந்தால் தேர்தல் முடியும்வரை அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுகிறேன்.

11. கடைசியாக ஒன்று. இதை மனுவில் எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். “அவசரப்படாதீங்க, பள்ளி எங்கயும் போவாது” என்று ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறவள் நான். அதே நான், ஆஃப்ரினுக்கான மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடவில்லை. தங்கள் பதில் 17ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வராவிட்டால், போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பீ. ரூபீனா

நாள்: 11.04.2026
இடம்: திருவண்ணாமலை

இணைப்பு: 1. பறக்கும் படை அறிவிப்பின் நகல்.
2. பலகையின் புகைப்படம் (கிரிவலம் வந்த பக்தர் ஒருவர் எடுத்தது).
3. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல்.