இரண்டு வட்டம்

ஜூன் 2, செவ்வாய்

பாப்பு, இன்றைக்குச் சர்ச் ஆபீசில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. அதற்கடியில் நீ மடித்துச் செருகிய அட்டை அப்படியே இருக்கிறது.

நீ போய் இன்றோடு ஆறு வாரம். பாஸ்டரம்மா மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். "சுவரையே பாத்துட்டு இருக்கீங்கக்கா. காலைல ஒரு மணி நேரம் சர்ச்சுக்கு வாங்க. உங்க பொண்ணு பாத்த வேலை அப்படியே நிக்குது" என்றார். சரி என்றேன். மாட்டேன் என்று சொல்வதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

வேலை இதுதான். சபையில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்குத் தினமும் பத்து மணிக்கு மேல் சர்ச் ஆபீசிலிருந்து போன் போட வேண்டும். எழுந்தார்களா, சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா என்று கேட்டு ஒரு வசனம் படித்துக் காட்ட வேண்டும். உன் நோட்டில் எல்லார் பெயரும் நம்பரும் இருக்கிறது. பேசியவர்களுக்கு டிக்.

ஏப்ரல் பக்கங்களுக்கு யாரோ கிளிப் மாட்டியிருக்கிறார்கள். நான் அதைத் தொடவில்லை.

ஜூன் 4, வியாழன்

உனக்குத் தெரியும், என் படிப்பு அஞ்சாவதோடு சரி. வசனத்தை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். தையல்காரக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ முடிக்கறதுக்குள்ள நான் மேல போயே கேட்டுக்குவேன் போலிருக்கே" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூப்பிடு, கூப்பிடு. அங்க இப்ப இடமில்லையாம். நாளைக்கும் இங்கதான் இருப்பேன்."

ஜூன் 5, வெள்ளி

நோட்டின் முதல் பக்கத்தை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். ஒவ்வொருவரைப் பற்றியும் நீ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாய்.

தையல்காரம்மா — மகனைப் பத்திக் கேட்காதே. பேக்கரிக்காரர் — காது கேட்காது, கத்தணும். தபால்காரத் தாத்தா — பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார், பத்து நிமிஷம் ஒதுக்கணும்.

கடைசியில் ஒரு வரி. அம்மா — 10.45. சர்க்கரை மாத்திரை. கோபமா இருந்தா அதிகம் பேசாதே, மறுநாள் சரியாயிடுவா.

என்னையும் லிஸ்டில் சேர்த்திருக்கிறாய். தினமும் பத்தே முக்காலுக்கு நீ கூப்பிட்டது சர்ச் வேலையா? நான்தான் மகள் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேனா?

தெரியவில்லை. கோபம் கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து, கூலிக்கு வந்திருந்த எட்டு சட்டையை இஸ்திரி போட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

தபால்காரரிடம் பத்து நிமிஷம் ஒதுக்கத் தேவையே இல்லை. போனை எடுக்கிறார், "இருக்கேன்" என்கிறார், வைத்துவிடுகிறார். நேற்றும் அப்படித்தான். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். நான் யார் என்று சொன்ன பிறகும் அதே ஒரு வார்த்தை.

உன்னிடம் அத்தனை பேசியவர். என் குரல் பிடிக்கவில்லையோ என்னவோ.

ஜூன் 10, புதன்

மழை. ஒன்றுமில்லை.

ஜூன் 13, சனி

சர்ச் ஹாலில் இலவசத் துணி கொடுக்கும் நாள். மூட்டை மூட்டையாக வருகிறது. அழுக்கோடும் கொடுத்துவிடுகிறார்கள். துவைத்து வந்ததை நான் இஸ்திரி போட்டேன். வாங்க வந்த ஒரு பெண், "கடைத்துணி மாதிரி இருக்குக்கா" என்று பிள்ளையின் கவுனை முகர்ந்து பார்த்தாள். பாஸ்டர் ஐயா சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்து, "அக்கா போட்ட மடிப்புல கை பட்டா வெட்டிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பெட்டியின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு தெரிகிறது. மற்றது எதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளை வந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனார். மெலிந்துவிட்டார். போகும்போது மறுபடியும் அதையே கேட்டார். "அன்னைக்கு அந்த நேரத்துல நாற்சந்திப் பக்கம் எதுக்கு அத்தை போனா? சர்ச்சுல இருந்து நேரா வீட்டுக்குத்தானே வரணும்?"

எனக்கென்ன தெரியும்.

ஜூன் 17, புதன்

இன்றைக்குத் தையல்காரக்கா போனை எடுக்கவில்லை. நோட்டில் ஒன்றும் போடாமல் அடுத்தவரைக் கூப்பிடப் போனேன். பாஸ்டரம்மா தடுத்தார்.

"அப்படியே விடக் கூடாதுக்கா. ஒரு வட்டம் போடுங்க. அரை மணி கழிச்சு மறுபடி கூப்பிடுங்க. அப்பவும் எடுக்கலேன்னா ஒரு ஆள் நேர்ல போய்ப் பாத்தே ஆகணும். பாத்துட்டு வந்து வட்டத்துக்குள்ள டிக் போடணும். உங்க பொண்ணு போட்ட சட்டம்தான் இது. போன வருஷம் ஒரு பெரியவர் குளிக்கற இடத்துல விழுந்து ரெண்டு நாள் கிடந்தாரே, அதுக்கப்புறம்."

இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் போனோம். அக்கா பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "அடிச்சது கேட்டுச்சு. தாலி கட்டற நேரம், எப்படி எழுந்து வர்றது?" என்றார். சீரியலில் கல்யாணமாம்.

வட்டத்துக்குள் டிக் போட்டேன். போடும்போது கை நின்றுவிட்டது.

நேரில் போய்ப் பார்த்தே ஆகணும்.

ஜூன் 18, வியாழன்

கிளிப்பை எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 21. உன் கையெழுத்து. வரிசையாக டிக். நடுவில் தபால்காரத் தாத்தாவுக்கு நேரே ஒரு வட்டம். கடைசியில் அம்மாவுக்கு நேரே ஒரு வட்டம். இரண்டிலும் உள்ளே ஒன்றுமில்லை.

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் உண்டு.

அதற்கு முந்தின நாள் நீ என்னோடு சண்டை போட்டாய். இஸ்திரி வேலையை விடு, எங்களோடு வந்து இரு என்றாய். உன் வீட்டு வேலையை நீ பாருடி என்றேன். மறுநாள் பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. ஒரு சட்டைக் காலரில் பெட்டி வைத்திருந்தேன். போன் மேசை மேலேயே இருந்தது, உன் படத்தோடு. பார்த்தேன். எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டுமே என்று விட்டேன். பதினொன்னே காலுக்கு மறுபடி அடித்தது. அப்பவும் எடுக்கல. அப்பவும் எடுக்கலடி நான்.

பதினொன்னே முக்காலுக்கு நாற்சந்தியில் உன் வண்டி மேல் லாரி.

கோபத்தில் எடுக்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்குமே? நீதானே எழுதி வைத்தாய், மறுநாள் சரியாயிடுவா என்று. அப்புறம் ஏன் வந்தாய்?

சட்டம். நீ போட்ட சட்டம்.

ஜூன் 19, வெள்ளி

போகவில்லை.

ஜூன் 22, திங்கள்

மூன்று நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சர்ச்சிலிருந்து வந்தால் நாற்சந்தி வரை ஒரே வழி. அங்கே வலது பக்கம் திரும்பினால் என் வீடு. இடது பக்கம் திரும்பினால் தபால்காரர் வீடு. நீ திரும்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

ஒருவேளை அவரைப் பார்க்கத்தான் முதலில் கிளம்பியிருப்பாய். அவருக்கு வயசு எண்பது. எனக்கென்ன, கோபம்தானே. இப்படி நினைத்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கிற்று. அப்புறம், இப்படி இறங்குகிறதே என்று பயமாக இருந்தது.

ஆபீசுக்குப் போனேன். எல்லாருக்கும் போன் போட்டேன். தபால்காரர் "இருக்கேன்" என்றார்.

"ஐயா, வெச்சிடாதீங்க" என்றேன்.

"என்ன?"

அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத்தான் நினைத்தேன். "மாத்திரை போட்டீங்களா?"

வைத்துவிட்டார்.

ஜூன் 25, வியாழன்

பெண்கள் சங்கக் கூட்டம். முடிந்ததும் பாஸ்டரம்மா ஒரு சீட்டைக் காட்டினார். தபால்காரர் கொடுத்தனுப்பியது. பெரிய பெரிய எழுத்து, எனக்கே சரளமாகப் படிக்க வந்தது. என் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடவும். எனக்காக யாரும் ரோட்டில் இறங்க வேண்டாம்.

பாஸ்டரம்மா, "என்னாச்சு இவருக்கு? யாராவது ஏதாவது சொன்னீங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் விளங்கிற்று. அவருக்கும் அந்தச் சட்டம் தெரியும். அவர் போன் எடுக்காததால்தான் நீ செத்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு நேரேயும் ஒரு வட்டம் இருப்பது அவருக்குத் தெரியாது. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

காட்டாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியாது. அவரே சுமந்துகொண்டு போகட்டும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷமில்லை, வீடு வரும் வரைக்கும் நினைத்தேன்.

ஜூன் 26, வெள்ளி

நாற்சந்தி வழியாகப் போனேன். இத்தனை நாள் சந்து வழியாகச் சுற்றித்தான் சர்ச்சுக்குப் போய் வந்தேன். இன்றைக்கு நேர்வழி. பஞ்சர் கடை, மருந்துக்கடை, பஸ் நிற்கும் இடம். ரோட்டில் ஒன்றுமில்லை. வெறும் ரோடு.

தபால்காரர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். "திட்டணும்னா உள்ள வந்து திட்டும்மா. அக்கம்பக்கம் கேக்கும்."

உள்ளே ஒரு நாற்காலி, அதற்குக் கை எட்டும் தூரத்தில் போன். அதைக் காட்டினார்.

"அன்னைக்கு இங்கதான் உக்காந்திருந்தேன். ரெண்டு தடவையும் அடிச்சுது. வேணும்னேதான் எடுக்கல. எடுத்தா பத்து நிமிஷம் பேசிட்டு வெச்சிடுவா. எடுக்கலேன்னா வருவா. வந்தா பேப்பர் படிப்பா, காபி போடுவா, திட்டிட்டுப் போவா. முன்னாடியும் ரெண்டு மூணு தடவை இப்படிப் பண்ணியிருக்கேன். திருட்டுத் தாத்தான்னு சொல்லுவா."

நோட்டை எடுத்து மேசையில் விரித்தேன். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் நின்றார்.

"இது யாரு, அம்மான்னு?"

"நான்தான்."

"நீயும் எடுக்கலையா?"

"எடுக்கல."

"உடம்பு சரியில்லாம இருந்தியா?"

"இல்லீங்கய்யா. கோவம்."

ரொம்ப நேரம் கண்ணாடி அந்த வட்டத்தின் மேலேயே இருந்தது. பிறகு, "வண்டில சிக்னல் எந்தப் பக்கம் போட்டிருந்தான்னு யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"யாரும் பாக்கல."

"இடது பக்கம்தான் போட்டிருப்பா. என்கிட்டதான் வந்திருப்பா. கிழவனாச்சே. நீ மனசுல எதையும் வெச்சுக்காம போ."

"இல்லீங்கய்யா. முந்தின நாள் சண்டை. என்கிட்டதான் வந்திருப்பா."

"நான் சொல்றேன்ல?"

"என் பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியும் உனக்கு? தினம் என்கிட்ட பத்து நிமிஷம் பேசுவா. உன்கிட்ட பேசுவாளா?"

நான் நோட்டை மூடினேன். அவரும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோலக் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம், "பத்து நிமிஷத்துல ஏழு நிமிஷம் உன் கதைதான்" என்றார். "அம்மா சொன்ன பேச்சு கேக்க மாட்டா, அம்மா போட்ட மடிப்பு மாதிரி யாராலயும் போட முடியாதுன்னு. காது புளிச்சுப் போச்சு எனக்கு."

அங்கே அழவில்லை. வெளியே வந்து பஞ்சர் கடை ஓரத்தில் நின்று அழுதேன். ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, அழுகை எப்படி வரும் என்பதே மறந்திருந்தது. கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 28, ஞாயிறு

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். நோட்டையும் காட்டினேன். பார்த்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

தபால்காரரின் பெயரை எடுக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்தார். எட்டு நிமிஷம். மருமகள், முட்டிவலி, கரண்ட் போனது எல்லாம். நான் படித்த வசனத்தில் மூன்று பிழையாம்.

தாத்தாவின் பழைய வட்டத்துக்குள், ஏப்ரல் 21-க்கு நேரே, ஒரு டிக் போட்டேன். நேரில் போய்ப் பார்த்தாயிற்று. சட்டப்படி சரி.

என் வட்டம் அப்படியே இருக்கிறது.

ஜூலை 8, புதன்

இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆபீசுக்குப் போகவில்லை, பாஸ்டரம்மா நோட்டிலிருந்து நம்பர்களை எழுதிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிறார். இன்றைக்குப் போன் எங்கேயோ அடித்ததுபோல இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி அடித்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ, கதவு தட்டும் சத்தம். தட்டுகிற மாதிரியே இல்லை, உடைக்கிற மாதிரி. திறந்தால் தபால்காரர். கையில் தடி, வேர்த்து ஒழுகுகிறது, செருப்பு இரண்டும் வேறு வேறு. நாற்சந்தியைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறார்.

"ரெண்டு தடவை அடிச்சேன்" என்றார். மூச்சு வாங்கியது. "அறிவிருக்கா உனக்கு? போன எடுக்க மாட்டே?"

"காய்ச்சலுங்கய்யா."

"சரி, சரி. தண்ணி குடு."

தண்ணீர் குடித்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்தார். படிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் செய்தி முடிவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு உன் நோட்டை எடுத்தேன். எனக்கு நேரே இருந்த வட்டத்துக்குள் டிக் போட்டேன். நேரில் வந்து பார்த்துவிட்டார்களே.

இரண்டு வட்டமும் முடிந்துவிட்டது. சட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபமில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன் — அந்த நாற்சந்தியில் நீ எந்தப் பக்கம் திரும்புவதாக இருந்தாய், பாப்பு?