பக்கத்து இருக்கையின் உறை

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? புதுக் காரை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் பழக்க வேண்டுமாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை முதல் நாளே கட்டுரை எழுதச் சொல்வோமா, அதுபோலத்தான். பள்ளி விட்டதும் ஊரைச் சுற்றி வருகிறேன். நேற்று மெக்கானிக் மீட்டரைப் பார்த்தார்.

“தொள்ளாயிரம் ஓடியிருக்கே, எங்க சார் போனீங்க?”

“எங்கயும் போகலப்பா.”

“பக்கத்து சீட்டு பிளாஸ்டிக் கவரைக்கூடக் கிழிக்கலையே?”

“உக்கார்றவங்க வந்து கிழிக்கட்டும்.”

அவர் சிரித்துவிட்டு டயரில் காற்றுப் பார்த்தார்.

இன்னும் நூறுதான் பாக்கி. விடுமுறையில் உன்னை அழைத்துவரப் புறப்படுவேன். நீயோ மூன்று கடிதத்திலும் ‘பார்க்கலாம்’ என்றே எழுதியிருக்கிறாய். முதுகுக்கு வைக்கும் தலையணையை நூலால் அளந்து, அந்த நூலை அனுப்பு. இங்கே ஒன்று தைக்கச் சொல்கிறேன். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. நூல் வந்தால் நீ வருவதாக எடுத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரன்