இரண்டு மாதம் நான் பிரிக்காத உறை

கோபிக்கத் தெரியாத என் அக்காவுக்கு,

ஆய்வேடு முடிந்துவிட்டது. கறுப்பு மட்டை, முதுகில் பொன் எழுத்தில் என் பெயர். வவுனியாவில் கட்டக் கொடுத்து எடுத்து வந்து ஒன்பது நாளாகிறது. அத்தானைத் தவிர இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. எப்போது விருந்து என்று வார்டில் கேட்கிறார்கள். சிரித்துவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன்.

நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பாதிதான் உனக்குத் தெரியும். மறுபாதி தெரியாமலே போய்விட்டாய்.

தாதியியல் முதுநிலைப் பட்டத்துக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று நான் அலைந்துகொண்டிருந்த காலம் அது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்கு உங்கள் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வயல்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முகம் ஊதியிருக்கும், சாப்பாடு இறங்காது. சிறுநீரகம் முக்கால்வாசி போன பிறகுதான் வருவார்கள். நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பிறகு ஏன் வரவேண்டும் என்று கேட்பார்கள். தங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்? இதையே ஆய்வு செய் என்றார் என் மேற்பார்வையாளர்.

உன் வீட்டு ஒழுங்கையில்தான் தொடங்கினேன். முதல் நாள் ஒரு படலையும் திறக்கவில்லை. உன் பக்கத்து வளவுப் பரமேசு மாமி வாசலிலேயே நின்று சொன்னா: "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போயிட்டினம், பிள்ளை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை."

நீதான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாய்.

"இவள் என்ர தங்கச்சி. இவள் திரும்பி வருவாள், மாமி."

அதோடு விட்டாயா? நான் போட்ட கதிரையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கக் கையை நீட்டினாய். உன் இரத்தம்தான் முதல் குழாய். சிறுநீர்ப் போத்தலையும் நீதான் முதலில் கொண்டுவந்து தந்தாய், ஏதோ கோயில் தீர்த்தம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தபடி. மாமி சிரித்துவிட்டா. அதன் பிறகு படலைகள் திறந்தன.

ஆய்வில் பெயர் எழுதக்கூடாது, இலக்கம்தான். நீ இலக்கம் ஒன்று. யார் எந்த இலக்கம் என்ற பட்டியலை வேறாக வைத்துப் பூட்டினேன். எல்லாம் சட்டப்படி செய்தேன், அக்கா. அதுவரைக்கும் எல்லாம் சட்டப்படி.

ஆய்வுகூடத்திலிருந்து பெறுபேறுகள் தடித்த உறையொன்றில் வந்தன. அந்தக் கிழமை வார்டில் இரண்டு பேர் லீவு. தொடர்ந்து இரவுக் கடமை. இரண்டாம் அதிகாரத்தை மாற்றி எழுதி உடனே அனுப்பும்படி மேற்பார்வையாளர் கேட்டிருந்தார். உறையை அலுமாரியில் சேலைகளுக்கு மேல் வைத்தேன். கணக்கெடுக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பழுதான பெறுபேறு இருந்தால் உடனே ஆளுக்கு அறிவிப்பேன் என்று ஒப்புதல் தாளில் நானே எழுதி, நானே கையெழுத்து வைத்திருந்தேன். இருந்தும் அந்த உறை அங்கேயே கிடந்தது. ஒரு மாதம். பிறகு இன்னொரு மாதம்.

அந்த இரண்டு மாதத்தில் நீ எனக்கு இரண்டு தரம் போன் எடுத்தாய். முதல் தரம் நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கி நாரி நோகுது என்றாய். "கடையில குளிசை வாங்கிப் போட்டனான், நல்ல சுகம்" என்றாய். என்ன குளிசை என்று நான் கேட்கவில்லை. அக்கா, நான் தாதி. சிறுநீரகம் பழுதான ஒருவர் நோவு போக்கும் குளிசை விழுங்கினால் என்ன ஆகும் என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் அதிகாரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்த கிழமை அது.

இரண்டாம் தரம் வாய் கைக்குது, சோறு பிடிக்கேல்லை என்றாய். மாமாவின் மகள் கலியாணத்தில் உன்னைப் பார்த்தேன். கண்ணிமை தடித்திருந்தது. செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாகத் தெரிந்தது. நித்திரை போதாதா என்று கேட்டேன். சிரித்தாய். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஏதோ அரித்தது. என்னவென்று நின்று பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு லீவு நாள் காலையில் உறையைப் பிரித்துக் கணினியில் எண்களை ஏற்றத் தொடங்கினேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. இரத்தத்தில் அப்படியொரு எண்ணோடு ஒருவர் நடமாட முடியாது. எழுத்துப் பிழை என்று நினைத்தேன். அடுத்த தாளில் சிறுநீர்ப் பெறுபேறும் அதையே சொன்னது. இலக்கம் ஒன்று யார் என்று பார்க்கப் பட்டியல் தேவைப்படவில்லை. ஆனாலும் எழும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து பார்த்தேன்.

உடனே எடுத்தேன். உன் போனை அத்தான்தான் எடுத்தார். "விடியத் துவங்கிச் சத்தி எடுக்கிறாள், தங்கச்சி. தண்ணியும் வயித்தில நிக்கேல்லை. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு இருக்கிறன்."

நாளைக்கு வேண்டாம், இப்பவே வாங்கோ என்றேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எங்கள் வார்டு, அங்கிருந்து அம்புலன்சில் வவுனியா, கழுத்தில் குழாய் ஏற்றி இரத்தம் சுத்திகரித்தது. நான்காம் நாள் நீ கொஞ்சம் தெளிந்து என்னைக் கேட்டாய்: "உன்ர படிப்பு எந்தளவில நிக்குது?" முடியப்போகுது என்றேன். அடுத்த நாள் உன் இதயம் நின்றுவிட்டது. உறையைப் பற்றி நான் சொல்லவே இல்லை. சொல்ல நாலு நாள் இருந்தது.

உன் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் மேற்பார்வையாளருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்தேன். ஆய்வை விடுவதானால் விடலாம் என்றார் அவர். விடத்தான் நினைத்தேன். ஆனால் உறையில் மற்ற இலக்கங்களும் இருந்தன. உன்னைப் போல இன்னும் சிலர், தெரியாமலே வயலுக்குப் போய்வந்துகொண்டு.

வீடு வீடாக நடந்தேன். பரமேசு மாமியின் பெறுபேறு நல்லது. தாளை வாங்கி மடித்தா. உன் வளவைப் பார்த்தபடி சொன்னா: "இது உன்ர அக்காவுக்கு எல்லோ முதல் வந்திருக்க வேணும், பிள்ளை."

ஓம் என்றேன்.

எழுதி முடித்தேன். முன்மொழிவில் இல்லாத ஓர் அதிகாரத்தையும் சேர்த்தேன். பெறுபேறு ஆய்வாளர் கைக்கு வந்த நாளுக்கும் உரியவர் கைக்குப் போன நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பது பற்றி. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, இலக்கம் ஒன்றின் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டா.

"நான்தான், மேடம். அவா என்ர அக்கா."

அவா பேனையை மூடி வைத்தா. சில திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

இனி அத்தானைப் பற்றி. நீ போன பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. கோபம் என்று நினைத்தேன், நியாயமான கோபம். கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் என்று நான் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி வைத்தால் அப்படியே இருக்கும்; அதே கிணற்றில்தான் அள்ளிக் குடிக்கிறார். இரத்தம் சோதிப்பம் என்றால் எழும்பி வயலுக்குப் போய்விடுவார். போன மாதம் அவர் வரம்பில் நடந்து வருவதைப் பார்த்தேன். கால் கனத்தவர் போலத் தூக்கித் தூக்கி வைத்தார். மாமாவின் மகள் கலியாணத்தில் நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

போன ஞாயிறு அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் அட்டையைத் தொடவில்லை. குசினி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவள் ரெண்டு தரம் கேட்டவள். சோதினை என்னாச்செண்டு தங்கச்சியைக் கேட்பம் எண்டு. நான்தான் மறிச்சனான். அவள் பெரிய படிப்புப் படிக்கிறாள், கரைச்சல் குடுக்காதை எண்டனான்."

இத்தனை மாதமும் அவர் என்னை வெறுக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தன்னைத்தான் தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று, ஆளையாள் பார்க்காமல் இருந்திருக்கிறோம். நீ போன் எடுத்தபோது அதைக் கேட்கத்தான் எடுத்தாயா, அக்கா? கேட்காமல் நாரி நோவைக் கதைத்துவிட்டு வைத்தாயா?

"அத்தான், கையை நீட்டுங்கோ" என்றேன். அன்று அவர் எழும்பிப் போகவில்லை.

பெறுபேறு இன்று மத்தியானம் வந்தது. ஆய்வுகூட வாசலில் நின்றே படித்தேன். கடமை முடிந்ததும் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "அவளின்ர மாதிரியோ?"

"துவங்கீட்டுது அத்தான். ஆனா அவ்வளவுக்குப் போகேல்லை. இப்ப பிடிச்சால் கனகாலம் தள்ளலாம்."

தலையாட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தார். தண்ணீர்தான் காரணமா, வெயிலா, மருந்தடித்த மண்ணா, ஒருவருக்கும் முடிவாகத் தெரியாது. நானும் ஆய்வேட்டில் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய பயம். எதிலிருந்து வருகிறது என்று தெரியாத ஒன்று, உன் ஒழுங்கையில் இன்னும் எந்தெந்த வீட்டுக்குள் போய் இருக்கிறதோ?

வியாழக்கிழமை கிளினிக். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தானை நானே கூட்டிப்போவேன். மருத்துவர் சொல்வதை அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்பேன். கெட்டதென்றாலும் ஒரு சொல் மறைக்க மாட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடுகள் என் ஆய்வுக்குள் வரவில்லை. அங்கே முகம் ஊதி, கால் வீங்கி, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு யார் யார் இருக்கிறார்களோ. அங்கேயும் போவேன். இனிப் பட்டம் எதுவும் தேவையில்லை, ஆனாலும் போவேன். உன் பெயரைச் சொல்லித்தான் படலையைத் தட்டுவேன், அக்கா. அதற்கு மட்டும் உத்தரவு தா.

உன்ர தங்கச்சி,
சுகந்தி