கடைசியாகக் கூப்பிடும் பெயர்

வேல்ஸிலிருந்து வந்த பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது அந்த வாசனைதான். நனைந்த கம்பளியின் வாசனை. தி.நகரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் நான். பருத்தியையும் பட்டையும் கண்ணை மூடிக்கொண்டு மூக்கிலேயே பிரித்துச் சொல்வேன். கம்பளி மட்டும் உன்னால் பழக்கமானது. முதல் பார்சல் வந்த அன்று ஒரு குல்லாயை எடுத்து முகர்ந்துவிட்டு, "இன்னாடி இது, மழைல நனைஞ்ச ஆடு கிளாஸ்ல வந்து குந்திக்கினு கீற மாதிரி கீது" என்றாய். பிறகு அதையே தலையில் மாட்டிக்கொண்டு, மார்ச் மாத வெயிலில், வேர்க்க வேர்க்கக் கணக்குப் பாடம் நடத்தினாய். பிள்ளைகள் சிரித்து ஓயவில்லை.

இந்தப் பார்சலிலும் உன் பெயர்தான் எழுதியிருக்கிறது. நீ போன செய்தி அங்கே சேருவதற்குள் கிளம்பிவிட்டது போலும். சின்னச் சின்னக் குல்லாய்களுக்கு அடியில் பெரிதாக ஒரு சிவப்புக் குல்லாய். அது யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டு மலையோரத்துப் பள்ளி ஒன்றும், ராஜா அண்ணாமலைபுரத்தில் நாம் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியும் கூட்டாளிகள் ஆனபோது, கொடி வரைந்து அனுப்புங்கள், பண்டிகைப் படம் அனுப்புங்கள் என்றுதான் மேலிடத்தில் சொன்னார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. "மூஞ்சி தெரியாம இன்னாடி சிநேகிதம்?" என்றாய். வெள்ளிக்கிழமை வருகைப்பதிவு உன் மண்டையில் உதித்ததுதான். அவர்களுக்கு அது காலை முதல் வேலை. நமக்குச் சத்துணவு முடிந்து கண் சொக்கும் நேரம். வீடியோவில் அவர்கள் பெயரை நம் பிள்ளைகள் கூப்பிட வேண்டும், நம் பிள்ளைகள் பெயரை அவர்கள் கூப்பிட வேண்டும். அந்தச் செம்பட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று தமிழில் சொல்லும். யாராவது வரவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "லீவு டீச்சர்" சொல்ல வேண்டும். கடைசியாக டீச்சர் பெயர். நாமும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் குஷி.

"பேர் சொல்லிக் கூப்ட்டா யாருனா பதில் சொல்லணும்டி. இல்லாங்காட்டி கூப்ட்டவங்க மனசு இன்னா ஆவும்?" என்பாய்.

ஆற்றோரத்து வீடுகளை இடித்த வாரம் அதையும் பார்த்தோம். நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். குடும்பம் குடும்பமாக லாரியில் ஏற்றி, பெருங்குடிக்கும் அப்பால் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை வேல்ஸிலிருந்து மேகன் என்ற சிறுமி, "முத்துமாரி" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. லீவு சொல்லப் பக்கத்துப் பிள்ளையும் இல்லை, அவளும் அதே லாரியில்தான் போயிருந்தாள். மேகன் சிரித்த முகத்தோடு இன்னொரு தடவை கூப்பிட்டாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. நீ லேப்டாப்பை மூடி, "நெட் போச்சு" என்றாய். நெட் நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் சேர்ந்த புதுப் பள்ளிக்கே நீ மாறுதல் கேட்டு வாங்கியபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. "கூறு கெட்டவளே, வீட்டுலேர்ந்து நடந்து வர்ற பள்ளிக்கூடத்த விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி அந்தப் பொட்டக்காட்டுக்கா போவ?" என்று கத்தினேன். நீ டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "அதுங்களால இங்க வர முடியாது. நான் போவலாம்ல?" என்றாய். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் திரையில் மூன்று ஜன்னல்கள். வேல்ஸ் ஒன்று, நான் ஒன்று, உன் செல்போனில் நீயும் முத்துமாரியும் மற்ற பிள்ளைகளும். அவள் உன் நாற்காலியை ஒட்டித்தான் உட்காருவாள். மேகன் கூப்பிட்ட எந்தப் பெயரும் பதில் இல்லாமல் போகவில்லை.

ஒரு நாள் பெருங்குடி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அனுமதி வாங்கிப் போய், உன் வகுப்பில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வேல்ஸ் டீச்சருக்குச் சொல்லியிருந்தேன். அவரும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். ஆனால் மேகனுக்கு நம் பெயர்களெல்லாம் மனப்பாடம். பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே வந்தவள், வந்த வேகத்தில் கடைசியாக உன் பெயரையும் கூப்பிட்டுவிட்டாள். அங்கே அவர்கள் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். காலி நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து முத்துமாரி எழுந்தாள்.

"லீவு டீச்சர்" என்றாள்.

எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இப்படியா விட்டுவிட்டுப் போவாய்?

உன் பெயரை எடுத்துவிடலாமா என்று வேல்ஸ் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை, இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. அதனால் ஒவ்வொரு வெள்ளியும் உன்னைக் கூப்பிடுகிறார்கள். மேகன் கூப்பிட்டு முத்துமாரி வாய் திறக்கும் வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதில் நீ தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. பிரமை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், உன் புடவைத் தலைப்பு தெரிகிறதா என்று.

நானும் கேட்டேன், மாறுதல் வந்துவிட்டது, உன் இடத்துக்கே. "கூறு கெட்டவளே" என்று அம்மா திட்டினாள், நான் உன்னைத் திட்டிய அதே வார்த்தை. நீ எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து நானும் ரெண்டு பஸ் மாற வேண்டும்.

உன் நாற்காலியில் நான் உட்காரப் போவதில்லை. பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்வேன். இந்த வருஷத்தோடு முத்துமாரி ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விடுவாள். பிறகு உன் பக்கத்தில் இருப்பது நான் ஒருத்திதான். பக்கத்தில் இருப்பவர்தான் லீவு சொல்ல வேண்டும், நீ போட்ட சட்டம் அது. சிவப்புக் குல்லாயை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வாயில் வரவில்லை.