புல்லுக்கு ஓய்வு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பெண்கள் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்தது. பெரிய மைதானத்தில் ஆட விடவில்லை. "அடுத்த வாரம் ஆம்பளைங்க மேட்ச் இருக்கும்மா, புல்லுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார் மைதான மேனேஜர். பின்பக்கக் கட்டாந்தரையில் ஆடினோம். என் முழங்கால் லேசாகப் பிசகியது, பயப்படாதே. "ஒரு ஊசி போட்டா ஓடிடுவே" என்றார் டாக்டர். ஓடினேன், கோலும் போட்டேன்.

அப்பாவின் பழைய முழங்கால் உறை பரணில் கிடந்தால் அனுப்பு. அவர் கேட்டால், என் தோழிக்கு என்று சொல்லிவிடு.

ஸ்கேன் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே பெரிய மைதானம் தெரிகிறது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். புல் நன்றாகத் தேறிவிட்டது.

உன் மகள்