மூன்றாம் பெட்டியில் என் பெயர்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம், இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, மெய்யாகவே நலம். அம்மாவும் நலம், என்னோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா போனில் அரைகுறையாகச் சொல்லி உன்னைக் கலங்கடித்திருப்பாள், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், பதறாமல் படி.

ஒரு மாதமாகவே திடீர் திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் மூச்சு விடவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இதய டாக்டரிடம் காட்டினேன். என் பெயர், வயது, பி.எம்., புதன் நாலு மணி என்று ஒரு சீட்டு கொடுத்தார். நெஞ்சுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை அவர்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். எனக்குள்ளேயே ஒரு மெஷினா, போவதில்லை என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதே புதன் காலை பிணவறைக் குளிர்பெட்டிகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு, ‘பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்’, எங்கள் மெக்கானிக் கூட்டத்தில் அதற்கும் பெயர் பி.எம்.தான். வேலைச்சீட்டு என்று நினைத்து டாக்டர் சீட்டை அங்கே மேஜையில் வைத்துவிட்டேன். அங்கிருக்கும் ஊழியரை ‘அரைவார்த்தை’ என்போம், பேச்சு அவ்வளவு சிக்கனம். என்னை எல்லோரும் மெக்கானிக் என்றே கூப்பிடுவதால் என் பெயர் அவருக்குத் தெரியாது. அவருக்கு பி.எம். என்றால் போஸ்ட்மார்ட்டம்.

இரண்டு பெட்டிகளைப் பார்த்து முடித்து மூன்றாவதைத் திறந்தேன். தட்டைத் துடைத்து வெள்ளைத்துணி விரித்திருந்தது, கைப்பிடியில் தொங்கிய அட்டையில் என் பெயர், என் வயது, இனிஷியல்கூடத் தப்பவில்லை. யார் இது என்று கேட்டேன். “நாலு மணிக்கு வர்றாரு. தெரிஞ்சவரா?” என்றார். நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். “உக்காருங்க மெக்கானிக், உதடு நீலமா இருக்கு” என்றார். உட்காருவதற்குள் கால் மடங்கிவிட்டது.

வேறு வண்டி தேட நேரமில்லாமல் பிணம் தள்ளும் வண்டியிலேயே போட்டு அவசரப் பிரிவுக்கு ஓட்டமாய் ஓடினார். நடைபாதையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கினார்கள், ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தேன், ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தேன், நாக்கு அசையவில்லை. உடனே மெஷினை வைத்துவிட்டார்கள். சரியான சீட்டைக் கொடுத்திருந்தால் அவர் என்னை வேலை பார்க்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார், அந்த அறையில் நான் தனியாகத்தான் விழுந்திருப்பேன். நேற்று அரைவார்த்தை வார்டுக்கு வந்தார், நலமா என்று கேட்கவில்லை, என் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடாக இருக்கிறது என்று திருப்தியாகப் போய்விட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டர் இது குடும்பத்திலும் வரலாம் என்கிறார். போன மாதம் உனக்குப் படிக்கட்டில் கண் இருட்டியது, வெயில்தான் காரணம், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாயே, சொல்லிவிட்டேன். இந்த வாரமே இதயத்தைச் சோதித்துக்கொள், என்னைப்போல் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அப்பா